காணாதாரைக் கூட்டிக் கருமமாற்றல்

ஒரு கருமத்தைப் பலர் கூடிச் செய்யுங்கால் அவர்க்குத் தலைவன் ஒருவன் வேண்டப்படுவான். வரம்பிலே நின்று அரிவு வெட்டுவோரை நோக்கும் கமக்காரனும், வகுப்பறை விறாந்தை வழியே உலாவிவரும் அதிபரும், கல்லாவிலிருந்து கடை முழுவதையும் பார்த்துக்கொள்ளும் முதலாளியும் இத்தகைய தலைவர்களே. இம்மூவர்க்கும் பொதுவாயுள்ள கருவி கண். யார் வந்தார், யார் வரவில்லை, யார் முயல்கின்றார், யார் சோர்ந்திருக்கின்றார் என்பவற்றைக் கண்ணே அறிவித்துவிடுகின்றது. ஒருவனது முகத்தை நோக்கி அவனுடைய ஐயத்தை அறிந்து, அவன் வாய் திறக்குமுன்னரே விடை கூறவும் இயலுகின்றது.

அக்கருவி இல்லாதவிடத்துத் தலைமை என்னாகும் என்பதே இக்கட்டுரையில் ஆராயப்படும் வினா. 2020ஆம் ஆண்டிற் கொரோனாப் பெருந்தொற்றினாற் கந்தோர்கள் பூட்டப்பட்டபோது, உலகெங்கும் கோடிக்கணக்கானோர் தத்தம் இல்லங்களிலிருந்தே தொழில் புரியலாயினர். தொற்றுத் தணிந்த பின்னரும் அவ்வழக்கம் முற்றாக நீங்கிற்றில்லை. கொழும்பிலுள்ள பொறியியலாளர் ஒருவருக்கு மேலாளர் மெல்பேணிலும், உடனுழைப்போர் பெங்களூரிலும் ரொறன்ரோவிலும் இருத்தல் இன்று புதுமையன்று. நம் பழைய மாணவருட் பலர் அவ்வாறு தொழில் புரிகின்றனர். இன்று வகுப்பிலிருக்கும் மாணவரும் நாளை அவ்வாறு புரியக்கூடும். ஆதலின் இவ்வினாவை ஆராய்தல் நமக்குப் பயனுடைத்து.

தொலைவு பறிப்பவை

தொலைவு ஒரு குழுவினிடமிருந்து மூன்றினைப் பறித்துக்கொள்கின்றது. முதலாவது காட்சி. அதனை மேலே கூறினாம். இரண்டாவது குரல். “இதனைத் திருத்துக” என்று ஆசிரியர் புன்முறுவலோடு கூறின் மாணவன் மகிழ்ந்து திருத்துவான். அச்சொற்களே வெறுங் கடதாசியிலோ கணினித் திரையிலோ தோன்றின், கடிந்துரைத்ததாகக் கொண்டு வாடுவான். மூன்றாவது தற்செயலான சந்திப்பு. தேநீர் வேளையிலும் படிக்கட்டிலும் நிகழும் சிறு உரையாடல்களிலே தீர்ந்துபோகும் சிக்கல்கள் பல, தொலைவிலுள்ளோர்க்கு அவ்வாய்ப்பில்லை.

இம்மூன்றினையும் ஈடுசெய்யத் தலைவனிடம் எஞ்சியிருக்கும் பெருங்கருவி சொல் ஒன்றே. சொல்லிலே திருத்தம், விடையிலே தவறாமை, பிறர் உழைப்பை மறவாமை ஆகிய மூன்றும் உளவாயின், ஒருவரையொருவர் ஒருநாளுங் கண்டிராதோரும் ஒரு குழுவாக நின்று அரிய கருமங்களை முடிப்பர். இஃது இன்று கண்ட உண்மையன்று. மின்னஞ்சலும் தொலைபேசியும் தோன்றுமுன்னரே, தபாற் சீட்டுக்களைக் கொண்டு முடிக்கப்பட்ட ஒரு பெருங் கருமத்தின் வரலாறு இதற்குச் சான்றாகும்.

ஓர் அகராதியின் வரலாறு

1857ஆம் ஆண்டில் இலண்டன் மொழிநூற் கழகத்தார் அந்நாள்வரை வெளிவந்த ஆங்கில அகராதிகளின் குறைகளை ஆராயத் தொடங்கினர். அவ்வாராய்ச்சியிலிருந்து புதியதோர் அகராதிக்கான எண்ணம் முளைத்தது. ஒவ்வொரு சொல்லும் எக்காலத்தில் எழுத்தில் முதன்முதல் தோன்றியது, எவ்வெப் பொருளில் வழங்கிவந்தது என்பவற்றை நூல்களிலிருந்தெடுத்த மேற்கோள்களால் நிறுவுதல் அதன் நோக்கம். இதற்குப் பல நூற்றாண்டுகளில் எழுந்த நூல்களையெல்லாம் படித்தல் வேண்டும். இது சிலரால் முடியுங் காரியமன்று. ஆதலின் அவர்கள் பொதுமக்களின் உதவியை நாடினர். தொண்டர் ஒருவர் தம் வீட்டிலிருந்தே ஒரு நூலைப் படித்து, அதிற் கண்ட சொல்லையும் அது வரும் வாக்கியத்தையும் ஒரு சீட்டில் எழுதி அனுப்புவார். ஊதியம் இல்லை, மேற்பார்வையாளரும் இல்லை.

முதற் பதிப்பாசிரியரான ஹேபட் கோல்றிஜ் 1861ஆம் ஆண்டில், முப்பதாம் வயதிலே காலமானார். அடுத்துப் பொறுப்பேற்ற பிரெடெரிக் பேர்னிவால் ஆர்வத்திற் குறைந்தவரல்லர்; பலரை இப்பணியில் ஈடுபடுத்தியவரும் அவரே. எனினும் ஆர்வத்துக்கேற்ற ஒழுங்கு அவரிடம் இருந்ததில்லை. எழுத்துக்களைத் துணையாசிரியர் பலருக்குப் பகிர்ந்தளித்தார். ஆனால், யாரிடம் எது உளது, எவ்வளவு முடிந்தது என்னுங் கணக்குச் சீராகப் பேணப்படவில்லை. நாளடைவில் தொண்டர் பலர் சோர்ந்து விலகினர்.

1879ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஒக்ஸ்போட் பல்கலைக்கழக அச்சகத்தாருடன் உடன்படிக்கை ஏற்பட்டு, மில் ஹில் என்னும் பாடசாலையில் ஆசிரியராயிருந்த ஜேம்ஸ் மறே பதிப்பாசிரியரானார். பழைய சீட்டுக்கள் அவரிடம் வந்து சேர்ந்தன. நிறை ஏறக்குறைய இரண்டு தொன். சாக்கொன்றிற் செத்த எலி கிடந்தது. மற்றொன்றிற் சுண்டெலி ஒன்று குடும்பத்தோடு குடியிருந்தது. ‘எச்’ என்னும் எழுத்துக்குரிய சீட்டுக்கள் இத்தாலியிலே புளோரன்ஸ் நகரிற் காணப்பட்டன. ‘பி’ எழுத்தில் ஒரு பகுதிக்குரியவை அயர்லாந்திலே நெருப்பு மூட்டப் பயன்பட்டமையால் அவற்றுட் பெரும்பாலானவை அழிந்துபோயின.

இந்நிலை நேர்ந்தது தொண்டர் தீயவராயிருந்தமையாலன்று. இருபது ஆண்டுகள் உழைத்தோர் அவர்களுள் இருந்தனர். அவர் உழைப்புச் சென்று சேர்வதற்கு ஓரிடமும், சேர்ந்ததை அறிவதற்கு ஒரு கணக்கும் இல்லாமையே காரணம். அண்மையிலிருந்து உழைப்போரின் ஒழுங்கின்மை அன்றே வெளிப்பட்டுவிடும். தொலைவிலிருந்து உழைப்போரின் ஒழுங்கின்மை ஆண்டுகள் கழிந்தபின்னரே சாக்குக்குள்ளிருந்து வெளிப்படும்.

மறே வகுத்த ஒழுங்கு

1879ஆம் ஆண்டு ஏப்பிரிலில் மறே ஆங்கிலம் பேசுவோர்க்கும் படிப்போர்க்கும் ஒரு வேண்டுகோளை அச்சிட்டுப் பரப்பினார். அஃது உருக்கமான சொற்பொழிவாக அமையாது, செய்யவேண்டியதைத் தெளிவாகக் கூறும் பத்திரமாக அமைந்தது. எக்காலத்து நூல்கள் இன்னும் படிக்கப்படவில்லை, எவ்வெந் நூல்களைப் படிக்க ஆட்கள் தேவை, சீட்டில் எதனை எவ்விடத்தில் எழுதல் வேண்டும் என்பவை அதிற் சொல்லப்பட்டன. சொல், ஆண்டு, நூலாசிரியர் பெயர், நூற்பெயர், பக்கம், மேற்கோள் என்பவை சீட்டில் இருத்தல் வேண்டும். ஆயிரம் பேர் எழுதினும் அமைப்பு ஒன்றே. அதனாலேயே எவர் கையெழுத்தில் வந்த சீட்டையும் அதற்குரிய இடத்திற் சேர்த்துவிடலாயிற்று.

தம் பாடசாலை வளவில் இரும்புத் தகட்டினாலே ஒரு கொட்டகை அமைத்து, அதனுள் 1,029 அறைகள் கொண்ட பலகைத் தட்டுக்களை நிறுவினார். வந்த சீட்டு ஒவ்வொன்றும் அகரவரிசைப்படி தன் அறையைச் சென்றடைந்தது. நாளொன்றுக்கு ஆயிரம் சீட்டுக்கள் வரையிலும் வந்த காலமுண்டு. முன்னர்ப் பல வீடுகளிற் சிதறிக் கிடந்த நினைவு இப்பொழுது ஓரிடத்திற் குடிகொண்டது.

1885ஆம் ஆண்டில் மறே ஒக்ஸ்போட்டுக்குக் குடிபெயர்ந்தார். அவர் எழுதிய கடிதங்களின் மிகுதியை நோக்கிய தபாற் பகுதியினர் அவர் வீட்டு வாயிலிலேயே ஒரு தபாற்பெட்டியை நிறுவினர். ஒரு செடியின் பெயரைக் குறித்துக் கியூ தாவரத் தோட்டத்தாருக்கும், ஒரு செய்யுட் சொல்லின் பொருளைக் குறித்து அதனை எழுதிய கவிஞருக்குமாக அவர் கையெழுத்துக் கடிதங்கள் நாள்தோறும் சென்றன. அத்தபாற்பெட்டியே அவர் தலைமையின் சின்னம் எனலாம். தொலைவிலுள்ள தொண்டன் தலைவனது முகத்தைக் காணான், விடைக்கடிதத்தையே காண்பான். அது வாராதாயின் தன் சீட்டு நெருப்பில் வீழ்ந்ததோ, நூலில் ஏறியதோ என அறியாது கைசோர்வான்.

சொற்குறையால் வந்த கேடு

அறிவுறுத்தலில் உள்ள சிறு குறை தொலைவிலே எவ்வளவு பெருகும் என்பதற்கும் இவ்வரலாற்றிற் சான்றுண்டு. அரிய சொற்களிலேயே தொண்டர் கருத்து ஊன்றியமையால், நாள்தோறும் வழங்குஞ் சொற்களை எழுதுவார் அருகினர். மறே சீட்டுக்களை எண்ணியபோது, வழக்கொழிந்த ‘அபியூஷன்’ என்னுஞ் சொல்லுக்கு ஏறக்குறைய ஐம்பது மேற்கோள்கள் இருந்தன. எவரும் வழங்கும் ‘அபியூஸ்’ என்பதற்கு ஐந்துதானும் இல்லை. குறைவுற்ற சொற்களுக்கு மேற்கோள் தேடி அவரும் துணைவரும் மீண்டும் நூல்களைப் புரட்ட வேண்டியதாயிற்று.

தொண்டர் சொன்னதைச் செய்தனர் என்பதை இங்கே நோக்குதல் வேண்டும். சொல்லாதது விடுபட்டது. ஒரே அறையில் இருந்திருப்பின் முதல் நாளிலேயே ஒருவர், “சாதாரண சொற்களை விட்டுவிடவோ?” என்று வினவியிருப்பார். தொலைவிலே அவ்வினா எழவில்லை. ஆகவே தொலைவிலுள்ளோர்க்குப் பணி ஒப்புவிப்பவர், செய்ய வேண்டியதோடு அதன் நோக்கத்தையும் எழுதல் வேண்டும்; முதலிற் சிறு பகுதியைச் செய்வித்து, அதனைப் பார்த்தபின்னரே முழுவதையும் ஒப்புவித்தல் வேண்டும்.

இரு தொண்டர்

இவ்வகராதிக்கு உழைத்தோர் பல்லாயிரவருள் இருவர் வரலாறு ஈண்டு நினைக்கத்தக்கது. ஒருவர் பிற்ஸெட்வேட் ஹோல் என்னும் அமெரிக்கர். இவர் காசியிலுள்ள அரசாங்க வடமொழிக் கல்லூரியிற் கற்பித்தவர். வடமொழி நூல்களைப் பரிசோதித்துப் பதிப்பித்தவர். பின்னர் இங்கிலாந்திலே சபொக் பகுதிக் கிராமமொன்றில் தனித்து வாழ்ந்த இவர், நாள்தோறும் பல மணிநேரம் அகராதியின் அச்சுப்படிகளைப் பார்த்துத் திருத்தி அனுப்பினார். 1901ஆம் ஆண்டில் இறக்கும்வரை இப்பணி நடந்தது. அத்தனை ஆண்டுகளிலும் மறேயும் அவரும் ஒருகாலும் நேரிற் சந்தித்ததில்லை.

மற்றவர் வில்லியம் மைனர், அமெரிக்கப் படையில் வைத்தியராயிருந்தவர். மனநோய்வாய்ப்பட்ட இவர் 1872ஆம் ஆண்டில் இலண்டனில் ஒருவரைச் சுட்டுக்கொன்று, புரோட்மூர் மனநோயாளர் சாலையில் அடைக்கப்பட்டார். அங்கிருந்தே இருபது ஆண்டுகளுக்கு மேலாக மேற்கோள்களை அனுப்பினார். இவர் கையாண்ட முறை சிறந்தது. கண்டதையெல்லாம் அனுப்பாது, தம்மிடமுள்ள நூல்களுக்குச் சொல்லட்டவணை வகுத்து வைத்துக்கொண்டு, இப்பொழுது எச்சொல்லில் வேலை நடக்கின்றது என ஒக்ஸ்போட்டாரை வினவி, அதற்கு வேண்டியதையே அனுப்பினார். தலைமை நிலையத்தார் எதனை எழுதுகின்றனர் என்பது அவருக்குத் தெரிந்திருந்தமையாலேயே இஃது இயன்றது. தம் தேவையை மறைத்துவைக்கும் தலைவன் இத்தகைய துணையைப் பெறுதல் அரிது.

மறே இவரைத் தேடிச் சென்று கண்டார். நூலின் முகவுரையிலும் இவர் பெயரைக் குறித்தார். உழைத்தவர் எந்நிலையிலிருந்து உழைத்தார் என்று பாராது, உழைப்பு எத்தகையது என்றே பார்த்தார். ஆளை ஆராயாது நம்புவதும், ஆராய்ந்து நம்பிய பின் ஐயுறுவதும் ஆகிய இரண்டும் கேடு என்பது வள்ளுவர் கருத்து. மறே சீட்டை ஆராய்ந்தார். நன்றென்று கண்டபின் ஆளை நம்பினார்.

தலைவனும் ஒருவனாய் நின்று எல்லாவற்றையும் செய்யவில்லை. ஹென்றி பிராட்லி 1888 முதல் இணையாசிரியராகித் தமக்கெனத் தனித் துணைவரைக் கொண்டு சில எழுத்துக்களைப் பொறுப்பேற்றார். பின்னர்க் கிரெய்கி, ஓனியன்ஸ் என்போரும் அவ்வாறே சேர்ந்தனர். பத்தாண்டில் முடியுமென எண்ணப்பட்ட வேலை. ஐந்தாம் ஆண்டான 1884இல் வெளிவந்த முதற் பகுதி ‘ஏ’ எழுத்தையே கடந்திலது. மறே 1915ஆம் ஆண்டில் ‘டி’ எழுத்தில் நின்றபடியே காலமானார். ஆயினும் ஒழுங்கு அவரோடு மாளவில்லை. 1928ஆம் ஆண்டு ஏப்பிரிலில் அகராதி நிறைவெய்தியது. தலைச்சொற்கள் 414,825, மேற்கோள்கள் 1,827,306. தலைவன் இறந்தபின்னும் நிறைவெய்திய இவ்வேலையே அவன் தலைமைக்குச் சான்று.

நம் காலத்துச் சான்று

மறேயின் சீட்டு நம் காலத்தில் வேறு உருக்கொண்டது. 1991ஆம் ஆண்டு ஆகத்து மாதத்திலே ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், கணினியை இயக்குவதற்குத் தாம் எழுதிவந்த ஒரு நிரலைப்பற்றி உலகுக்கு அறிவித்தார். பின்னர் லினக்ஸ் எனப் பெயர் பெற்ற அதனைப் பல நாட்டு நிரலாளர்கள் பெரும்பாலும் மின்னஞ்சல் மூலமே வளர்த்தனர். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு காப்பாளர் உளர். திருத்தங்கள் அவர் வழியே தலைவரைச் சென்றடையும். 2005இல் டோர்வால்ட்ஸ் ஆக்கிய ‘கிட்’ என்னும் ஏற்பாடு, யார், எப்பொழுது, எதனை மாற்றினார் என்பதை மாற்றியவரின் விளக்கக் குறிப்போடு பதிந்து வைக்கின்றது. ஆண்டும் பெயரும் பக்கமுங் கொண்ட பழைய சீட்டோடு இதனை ஒப்பிட்டு நோக்குக.

இவ்வரலாற்றில் மற்றொரு பாடமும் உண்டு. டோர்வால்ட்ஸ் தம் மின்னஞ்சல்களிற் கடுஞ்சொல் வழங்குபவரெனப் பெயர் பெற்றிருந்தார். 2018ஆம் ஆண்டு செப்தெம்பரில் அதற்காக வெளிப்படையாக மன்னிப்புக் கோரிச் சிறிதுகாலம் பணியிலிருந்து ஒதுங்கினார். நேரிற் சொன்ன கடுஞ்சொல் அடுத்த நாட் புன்னகையால் ஆறலாம். எழுதிய கடுஞ்சொல் அழியாது. எத்தனை முறை படிப்பினும் அத்தனை முறையுஞ் சுடும்.

ஆராய்ச்சி காட்டுவன

தொலைவிலிருந்து உழைப்போர் சோம்புவர் என்பது பலர் எண்ணம். சீனாவிலே சீட்ரிப் என்னும் பிரயாண நிறுவனம், 2010ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி ஒன்பது மாதம் இதனைச் சோதித்தது. தொலைபேசியில் விடைகூறும் ஊழியருள் ஒரு பகுதியினர் வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்து உழைத்தனர். நிக்கொலஸ் புளூமும் பிறரும் ஆராய்ந்தபோது, அவர்களின் செயற்றிறன் 13 வீதம் கூடியிருந்தது. வேலையை விட்டு விலகுவோர் தொகை பாதியாகக் குறைந்தது. ஆனால் வேறிரண்டும் வெளிப்பட்டன. ஒத்த திறமை காட்டியோருள் வீட்டிலிருந்தோர்க்குப் பதவியுயர்வு குறைவாகவே கிட்டியது. சோதனை முடிந்து தாமே தெரிந்தெடுக்கலாம் என்றபோது பலர், தனிமையைக் காரணங்காட்டிக் கந்தோருக்கே மீண்டனர்.

மைக்ரோசொப்ட் நிறுவனத்தில் அமெரிக்காவிலுள்ள 61,182 ஊழியரின் தொடர்புகளை 2020ஆம் ஆண்டின் முதல் ஆறு மாதத்துக்கு ஆராய்ந்து 2021இல் வெளியிட்ட கட்டுரையும் ஒன்று கூறுகின்றது. அனைவரும் வீட்டிலிருந்தபோது, தம் குழுவினரோடுள்ள தொடர்பு இறுகியது. பிற குழுவினரோடுள்ள தொடர்பு தளர்ந்தது.

இவற்றை ஒருங்கே நோக்குமிடத்து, அஞ்சவேண்டியது சோம்பலையன்று என்பது புலனாகும். உழைப்பவன் மறக்கப்படுகின்றான், தனிமையுறுகின்றான், பிறரை அறியாது ஒரு மூலையில் நிற்கின்றான். சிலர் ஊழியரின் கணினித் திரையை நாழிகைதோறும் ஒற்றறிவதைத் தலைமையென மயங்குகின்றனர். மறக்கப்பட்டவனை அவ்வொற்று நினைவூட்டாது, தனித்தவனுக்குத் துணையுமாகாது.

கைக்கொள்ளத்தக்கவை

மேற்கூறியவற்றிலிருந்து தலைவர்க்குரிய சில நெறிகள் பெறப்படும்.

1. பணியை எழுத்தில் ஒப்புவிக்க: யார் செய்வது, எது முடிவு, என்றைக்கு முடிவது, எதன்பொருட்டு என்னும் நான்கும் அதில் இருத்தல் வேண்டும்.

2. முடிவுகளை யாவருங் காணக்கூடிய ஓரிடத்திற் பதிந்து வைக்க. இருவர் தொலைபேசியிற் பேசித் தீர்த்ததை மூன்றாமவர் அறியாதிருத்தலே மனக்கசப்புக்கு விதை.

3. கடிதத்துக்கு விடை தாமதியாது எழுதுக. முழு விடை கூற இயலாதவிடத்துக் கிடைத்தது என்றாவது எழுதுக.

4. நாழிகை வேறுபாட்டின் சுமையைப் பங்கிடுக. கோடைகாலத்திலே ரொறன்ரோவில் இரவு 8 மணிக்குக் கூட்டம் வைப்பின், இலண்டனில் நள்ளிரவு கடந்து 1 மணி. யாழ்ப்பாணத்திற் காலை 5.30, சிட்னியிற் காலை 10. எந்நாளும் அந்நேரமே கூடின், எந்நாளும் இலண்டனிலுள்ளவரே துயிலிழப்பர். ஆதலின் நேரத்தை முறைமாற்றி வைத்தலும், எழுத்தாற் தீர்ப்பதற்குக் கூட்டம் கூட்டாதிருத்தலும் நன்று.

5. பிழையைத் தனிமையிலும், நன்மையைப் பலரறியவும் கூறுக. பதவியும் புகழும் பங்கிடுங்கால் கண்முன் இல்லாதாரை முதலில் நினைக்க.

6. இயன்றபோது நேரிற் காண்க. மறே புரோட்மூருக்குச் சென்றதை நினைவிற் கொள்க.

உறுப்பினர்க்குங் கடமை உண்டு. கேளாமுன் தன் வேலையின் நிலையை அறிவித்தலும், விளங்காததை நாணாது வினவுதலும், தவணை தப்புமெனக் கண்டவுடன் சொல்லுதலும் அவனுடைய கடன். காணப்படாத இடத்திலும் முறைப்படி செய்தலே நம் கல்லூரிகள் கற்பித்த ஒழுக்கமன்றோ.

நமக்குரியது

தமிழரிடையே இத்தகைய முயற்சிகள் இல்லாமலில்லை. 2003ஆம் ஆண்டிற் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும், ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப்படுத்த 2005ஆம் ஆண்டிற் தொடங்கிய நூலகம் என்னும் திட்டமும் பல நாடுகளிற் பரந்து வாழ்வோரின் தொண்டினால் வளர்ந்தவை.

பழைய மாணவர் சங்கங்களும் அத்தகைய குழுக்களே. கிளைகள் கடல்கடந்த நகரங்களில் உள. கல்லூரியோ இங்கே உளது. விஞ்ஞான கூடத்துக்குப் பொருள் அனுப்பினோர் அது கட்டப்பட்டதோ என அறியாதிருத்தலும், அதிபர் எழுதிய தேவை ஒரு செயலாளரின் பெட்டியில் உறங்குதலும், பேர்னிவாலின் சாக்குக்களை ஒத்த நிலையேயாம். பொருள் கொடுத்த ஒருவருக்குக் கணக்கும் நன்றிக்கடிதமுஞ் சென்று சேரின், அவர் மறுமுறையுங் கொடுப்பர். சேராதாயின் அன்பு குறையாதிருந்தும் கை பின்வாங்கும். ஆதலின் சங்கங்கள் தம் முடிவுகளையும் கணக்குகளையும் கிளைகள் யாவும் காணத்தக்க ஓரிடத்தில் வைத்தலும், ஒவ்வொரு பணிக்கும் ஒருவர் பெயரைக் குறித்தலும், வந்த கடிதங்களுக்கு ஒரு வாரத்துள் விடையெழுதுதலும் இவ்விழா ஆண்டிலேயே தொடங்கத்தக்கனவாம்.

மாணவர்காள், தெளிவாக எழுதும் பயிற்சியைப் பரீட்சைக்கு மட்டும் உரியதென எண்ணற்க. பிறிதொரு நாட்டிலிருந்து உங்களோடு உழைக்கப்போகின்றவன் உங்கள் முகத்தை அறியுமுன் உங்கள் வாக்கியத்தையே அறிவான். அது தெளிவும் பணிவும் உடையதாயின், அவன் உங்களை நம்புவான்.